யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குக் கல்லறை கட்டுவது: எந்தக் கல், என்ன எழுத்து?

கேள்வி: அம்மா இறந்து மூன்று மாதம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். நான் கனடாவில் இருக்கிறேன். ஆண்டுத்திவசத்துக்குள் கல்லறை கட்டி முடிக்கலாமா? கிரனைட்டா, மாபிளா? என்ன எழுதலாம்?

நீங்கள் கல்லைக் கேட்கிறீர்கள். நான் எழுத்தைப் பற்றித்தான் முதலில் சொல்லுவேன். காரணம் எங்கள் அப்பப்பாவின் கல்லறை.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். 1990 இல் இடம்பெயர்ந்தோம். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்து, 2017 இல்தான் எங்கள் பக்கத்தை விட்டார்கள். அன்றைக்கு அப்பா வீட்டு வளவைக்கூடப் பார்க்காமல் நேரே சேமக்காலைக்குப் போனார். முழுக்கப் பற்றைக்காடு. சீமெந்துச் சிலுவைகளில் பெயின்றால் எழுதிய பெயர்கள் ஒன்றுமே மிஞ்சவில்லை. எது யாருடையது என்று ஊர்ப் பெரியவர்களே தடுமாறினார்கள். அப்பப்பாவுடையது சின்னக் கல், உளியால் வெட்டிய எழுத்து. பாசி பிடித்துக் கறுத்திருந்தது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை அப்பா அதன்மேல் ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தார். முதலில் ஆண்டு தெரிந்தது, பிறகு பெயர். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கல்லிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆகவே எந்தக் கல் எடுத்தாலும் எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். வெறுமனே பெயின்ற் அடித்து விட வேண்டாம். என்னைக் கேட்டால் கறுப்புக் கிரனைட் நல்லது. உப்புக் காற்றும் மழையும் அதை லேசில் ஒன்றும் செய்யாது, எழுத்துக்குள் பூசிய பொன்நிறம் போனாலும் வெட்டு நிற்கும். வெள்ளை மாபிள் அழகுதான். ஆனால் அது சுண்ணாம்புக்கல்லின் இனம். வருடக்கணக்கில் மழை பட்டால் மினுக்கம் போய் எழுத்தின் விளிம்பு மழுங்கும். மாபிள்தான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால் வையுங்கள், தேசிக்காயோ அசிட்டோ போட்டுக் கழுவ மட்டும் யாரையும் விடாதீர்கள். டைல்ஸ் ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள், இடைவெளியால் தண்ணீர் இறங்கிக் கழன்றுவிடும். சேமக்காலை கடலோரம் என்றால் கொங்கிறீற்றுக்குள் கம்பி நன்றாக மூடுப்பட வேண்டும். துருப்பிடித்த கம்பி ஊதி, கொங்கிறீற்றையே பிளந்துவிடும்.

அவசரப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போகட்டும், மண் அப்போதுதான் இறுகும். அப்பா இறந்தபோது, நவம்பர் 2 ஆம் திகதி மரித்தோர் நினைவு நாளுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று நான்தான் மேசனை நெருக்கினேன். அந்த மழையிலேயே தலைமாட்டுப் பக்கம் இறங்கி மேல்தளம் வெடித்தது. கல் தப்பியது, அடித்தளத்தை உடைத்துத் திரும்பக் கட்டினோம். உங்கள் ஆண்டுத்திவசத்துக்கு முன்னர் ஒரு மாரி போய்விடும் என்றால் சரி. இல்லையென்றால் இப்போதைக்கு ஒரு மரச் சிலுவையும் பூக்கன்றும் போதும்.

வேலை தொடங்க முதல் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். எத்தனை அடி கட்டலாம், அந்த இடம் குடும்பத்துக்கே உரியதா, பிறகு திறக்க வருமா என்றெல்லாம் பங்குக்குப் பங்கு ஒழுங்கு வேறு. உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் அவரிடமும் கேளுங்கள். கேட்கக் கஷ்டமான கேள்வி. எங்கள் அம்மாவே "என்ரை பேருக்கும் இடம் விடு தம்பி" என்று சொன்னபடியால் கல்லில் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கிறது.

என்ன எழுதுவது? மரண அறிவித்தலில் வருகிற மலர்வு, உதிர்வு, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் கல்லில் ஏற்ற நினைப்போம். இடம் போதாமல் எழுத்து பொடியாகிவிடும், பொடி எழுத்துத்தான் முதலில் அழியும். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மருத்துவர் கிறீன் அமெரிக்காவின் வூஸ்டரில் அடக்கமானவர். அவர் கல்லில் பெயரும் 1822–1884 என்ற ஆண்டுகளும், 'தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர்' என்பதும், 'இயேசுவே என் எல்லாம்' என்பதும்தான். அவர் தானே விரும்பிக் கேட்ட வார்த்தைகள். உங்கள் அம்மா ஆசிரியையா, தையல்காரியா, ஊருக்கே மருத்துவிச்சியா? அந்த ஒரு வரி போதும்.

வாசகத்தை வட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். கடைக்காரர் அதைப் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறும். கல்லின் அளவிலேயே காகிதத்தில் எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்த பிறகே வெட்டட்டும். 'ஸ்ரெலா'வா 'ஸ்டெலா'வா என்பதற்கு, அம்மா தானே எப்படிக் கையெழுத்து வைத்தாரோ அதுதான் சரி.

நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அப்பாவின் பெயர் முடிவில் 'ன்' என்பது 'ன' என்று வெட்டுப்பட்டு வந்தது. கல் நட்ட அன்று அம்மா விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனவர், கடைசி எழுத்தின் மேலே விரலை வைத்து நின்றுவிட்டார். அப்புறம் மேசன் சின்னத் துளையிட்டுப் புள்ளி வைத்துத் தந்தார். மற்றப் புள்ளிகளைவிட அது கொஞ்சம் பெரிது. இப்போதும் மெழுகுதிரி கொளுத்த முதல் அம்மாவின் விரல் அந்தப் புள்ளிக்குத்தான் போகும்.