நியூட்டனோடு ஒப்பிடலாமா?

கேள்வி: 2020-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் லேப்டாப் முன்னாலேயே போய்விட்டது. 'நியூட்டனும் கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்துதான் சாதித்தார்' என்று கடுப்பேற்றுகிறார்கள். நான் நேரத்தை வீணாக்கிவிட்டேனா?

பதில்: நியூட்டனை விடுங்கள். 1665-ல் பிளேக் பரவி கேம்பிரிட்ஜை மூடியபோது அவர் இளங்கலைப் பட்டம் வாங்கி முடித்திருந்தார், ஆன்லைன் வகுப்பும் கிடையாது, தேர்வு நடுவே நெட் போய் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து வியர்த்ததும் கிடையாது!

உங்களுக்குப் போனது பாடம் இல்லை, பாடத்தைச் சுற்றியிருந்தது: வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்று பேசுவது, புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பது, ஆய்வகத்தில் ஒன்றைச் சொதப்பிக் கற்றுக்கொள்வது. இதையெல்லாம் வீடியோவில் பதிவு செய்ய முடியாது. ஆனால் நல்லதும் இருந்தது, வேகமாகப் பேசும் ஆசிரியரை நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிந்ததே, கூச்ச சுபாவக்காரர்கள் சாட்டில் சந்தேகம் கேட்டார்களே.

சரி, இப்போது என்ன? செய்முறையில் இடைவெளி இருந்தால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கூடுதல் நேரம் கேளுங்கள். அப்புறம், கருப்புக் கட்டமாக மட்டுமே பார்த்த அந்த வகுப்புத் தோழர்களில் ஒருவருக்காவது இன்றைக்கே போன் போடுங்கள், அவர்களும் இதே கேள்வியோடுதான் இருப்பார்கள்.