ஹீமோகுளோபின் நார்மல், ஃபெரிட்டின் மட்டும் 9, இதுக்கு மாத்திரை வேணுமா?

கேள்வி: எனக்கு வயசு 34. எப்பவும் அசதி, முடி கொட்டுது, ராத்திரி கால் நமநமன்னு தூங்க விடல. ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 9. ரத்தம் நார்மல்தான்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு இரும்புச்சத்து குறைஞ்சிருக்கு, அசதி நீங்களா கற்பனை பண்ணிக்கறது இல்ல. இரும்பு குறையும்போது முதல்ல காலியாகறது உடம்போட சேமிப்பு, ஹீமோகுளோபின் கடைசியாதான் இறங்கும், அதனால 12-க்கு மேல இருக்குன்னு அதை மட்டும் பாத்துட்டு அனுப்பிடறாங்க. சேமிப்பைக் காட்டறது ஃபெரிட்டின். பெரியவங்களுக்கு அது 15-க்கு கீழ போனா இரும்புக் குறைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நிறைய டாக்டருங்க 30-க்கு கீழயே குறைன்னு எடுத்துக்கறாங்க. உங்களோட 9 குறைதான், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா ஃபெரிட்டின் நல்லா இருக்குன்னு வந்தா அதை அப்படியே நம்பிடக் கூடாது, இதுதான் நிறைய பேர் கோட்டை விடற இடம். காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன், மூட்டு வாதம், கல்லீரல் பிரச்சினைன்னு எது இருந்தாலும் அது தானா ஏறிடும், உள்ள இரும்பு இல்லாதப்பவும் 60, 70-னு காட்டும். அப்ப சிஆர்பியும் (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட்) டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்துல இரும்பைச் சுமக்கற புரதத்துல எத்தனை சதவீதம் இரும்பு நிரம்பியிருக்குன்னு காட்டறது) சேத்துப் பாக்கணும், சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்கு கீழன்னா குறை இருக்க வாய்ப்பு அதிகம். சீரம் அயர்ன், அதாவது அந்த நேரத்துல ரத்தத்துல ஓடற இரும்போட அளவு, அதை மட்டும் எடுத்து முடிவு பண்ணாதீங்க, அது காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு காட்டும்.

மாத்திரை வேணும், டோஸ் உங்க டாக்டர் சொல்லட்டும். தினமும் ஒத்துக்கலன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமான்னு கேளுங்க, அப்படிப் போட்டா உடம்பு இன்னும் நல்லா உறிஞ்சுதுன்னு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. டீ, காபியோட சேத்துப் போடாதீங்க. நல்லா இருக்கேன்னு பாதியில நிறுத்தாதீங்க, சேமிப்பு நிரம்ப மாசக்கணக்கா ஆகும், 3 மாசம் கழிச்சு ஃபெரிட்டின் திரும்பப் பாருங்க.

அதைவிட முக்கியம், இரும்பு எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கறது. பீரியட்ஸ்ல ரத்தப்போக்கு அதிகமான்னு மொதல்ல யோசிங்க, உங்க வயசுல பெரும்பாலும் அதுதான். இதே ரிசல்ட் ஒரு ஆணுக்கோ மாதவிடாய் நின்னவங்களுக்கோ வந்தா வயிறு, குடல்ல ரத்தம் கசியுதான்னு கட்டாயம் பாக்கணும். மாத்திரை போடறப்ப மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க, ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தத்தோட போனா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.