கை நடுங்குகிறது, கிழித்துப் போடுகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 38. சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிறோம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் ஜெபக்குழுவின் 14 குடும்பங்களுக்கும் நானே வாழ்த்து அட்டை வரைந்து கொடுப்பேன். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் வாங்கி, தூங்குமூஞ்சி மரம், புளோக் கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் பூனை, தேக்கா பூக்கடைச் சரம் என்று வரைந்து, கீழே ஒரு வசனம் எழுதுவேன்.

இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. சும்மா இருக்கும்போது இல்லை, பேனாவை எடுத்தால்தான். போன வருடம் 9 அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு எல்லாருக்கும் கடை வவுச்சர் கொடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் வலித்தது.

அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். அவருடைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தெல்லாம் அலை அலையாக இருக்கும்.

"ஆண்டவரே, என் குறையை மன்னியும்" என்று தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் என் 7 வயது மகள் ஒரு சூரியன் வரைந்தாள். வட்டம் சரியாக வரவில்லை என்று அதைக் கிழித்துப் போட்டாள். என்னைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாள்?

வாசகி, தோ பாயோ

*

அன்புச் சகோதரி,

உங்கள் ஜெபத்தில் இருக்கும் "மன்னியும்" என்ற சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. கை நடுங்குவது பாவமா? யாருக்கு என்ன தீங்கு செய்தீர்கள்? பலவீனத்தையும் பாவத்தையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறீர்கள். அதனால் வரைய உட்காரும்போதே குற்றம் செய்தவர் போல உட்காருகிறீர்கள். பதற்றத்தில் நடுக்கம் இன்னும் கூடும்.

அப்போஸ்தலர் பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை, அதாவது தன்னை வருத்திய ஒரு பலவீனத்தை, நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்றுதான் பதில் வந்தது. அவர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் (6:11) இன்னொரு இடம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம். எவ்வளவு பெரிய எழுத்துகளில் என் கையாலேயே எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்தப் 'பெரிய எழுத்து' தெரியாது, கிரேக்கத்தில் இருக்கிறது. அவருக்குக் கண் சரியில்லை, அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், அந்த எழுத்தை அவர் மறைக்கவில்லை. பாருங்கள் என்று காட்டினார்.

அதற்காக வசனத்தைச் சொல்லி டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம். வேலை செய்யும்போது நடுங்குவதும், அப்பாவுக்கும் இருந்ததும் எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கக் கோளாறாக இருக்கலாம். அது பல குடும்பங்களில் வழிவழியாக வரும். தைராய்டு அதிகமானாலும், சில மருந்துகளாலும்கூடக் கை நடுங்கும். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாலிகிளினிக்கில் காட்டுங்கள். நடுக்கத்தைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. காப்பியும் தூக்கக் குறைவும் அதைக் கூட்டும், வரையும் நாளில் காப்பியைக் குறைத்துப் பாருங்கள்.

இந்த வருடம் 14 அட்டை வேண்டாம், 3 போதும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நீளக் கோட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கோடுகளாக இழுங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலைக்கு நெளிகிற கோடு பொருந்தத்தான் செய்யும். கொடுப்பதற்கு முன்னால், வாங்குகிறவர் என்ன நினைப்பார் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். கொடுக்கும்போது "கை சரியில்லை, தப்பா நினைக்காதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். அப்புறம் உண்மையில் என்ன நடந்தது என்பதை அந்தத் தாளிலேயே கீழே எழுதுங்கள். இரண்டையும் ஜெபத்தில் வைத்துப் படியுங்கள்.

மகளிடம் "சூரியன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம், நம்பமாட்டாள். அப்பாவின் வேதாகமத்தை எடுத்து அந்த முதல் பக்கத்தைக் காட்டுங்கள். தாத்தா எப்படி டம்ளர் பிடிப்பார் என்று சொல்லுங்கள். அதில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை என்றால், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் பெயருக்குக் கீழே உங்கள் கையாலேயே எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால்.