காதுச் சீழிலிருந்து புதிய பாக்டீரியா இனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காதுச் சீழைத் துடைத்தெடுத்த பஞ்சுக் குச்சி (ஸ்வாப்) தினமும் வந்து சேரும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். என்னைக் கேட்டால், பாதி வேலை கிருமி வளர்க்கும் தட்டைச் சீக்கிரம் தூக்கிப் போடாமல் இருப்பதுதான்.

ஸ்வாபை ரத்த அகாரில் (ரத்தம் கலந்த கூழ் நிரப்பிய தட்டில்) தேய்த்து 37 டிகிரியில் வைப்போம். காதுச் சீழில் அடிக்கடி வரும் சூடோமோனாஸ் கிருமி என்றால் மறுநாள் மூடியைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்: பச்சை நிறம், பழுத்த திராட்சை மாதிரி ஓர் இனிப்பு வாடை. இரண்டு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லையா, 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போய்விடும். தட்டு குப்பைக்கு. நானே எத்தனை எறிந்திருப்பேனோ.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹோவர்ட் ஃபேடனும் சக ஆய்வாளரும் அப்படி எறியவில்லை. குழந்தைகளின் நடுக்காதில் தேங்கிய நீரைத் தட்டிலிட்டு நாட்கணக்கில் விட்டுவைத்தார்கள். மெதுவாக ஓர் உருண்டைக் கிருமி தலைகாட்டியது. தெரிந்த எதனோடும் அது பொருந்தவில்லை. 1989-இல் அதைப் பற்றி எழுதினார்கள், ஆனால் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைப்பது தனி வேலை. எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எந்த நொதி இருக்கிறது என்றெல்லாம் சோதித்தபின் எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் என்ற மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்து ஒப்பிட வேண்டும். இன்றைய கணக்கில், தெரிந்த இனங்களோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது இனம் என்ற பேச்சே எழும். அப்புறம் முழு மரபணுத்தொகுதி ஒப்பீடு. உயிருள்ள கிருமியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்கவும் வேண்டும். பஃபலோ கிருமியின் மரபணுவை அகுயிரே, காலின்ஸ் இருவரும் ஆராய்ந்து, 1992-இல் தனிப் பேரினமாகவே அறிவித்தார்கள்: அலோயோகாக்கஸ் ஓட்டைட்டிஸ். 'காது அழற்சியின்' என்று ஆறாம் வேற்றுமையில் வந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு அதை 'ஓட்டைட்டிடிஸ்' ஆக்கினார்கள். லத்தீனிலும் வேற்றுமை விடுவதில்லை!

சரி, காது வலிக்கு இதுதான் காரணமா? அங்கேதான் இழுபறி. நோயே இல்லாதவர்களின் வெளிக்காதுக் குழாயிலும் இது சாதாரணமாகக் குடியிருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வெளியே வழியும்போது, குழாயில் இருப்பதையும் வாரிக்கொண்டு வரும். அந்தச் சீழில் கிடைத்த கிருமி உள்ளேயிருந்து வந்ததா, வழியில் ஒட்டியதா என்று சொல்ல முடியாது. செவிப்பறை கிழியாத காதிலிருந்து, குழாயைச் சுத்தம் செய்து ஊசியால் உறிஞ்சிய நீர் என்றால் கொஞ்சம் நம்பலாம். எங்கள் மேஜைக்கு வருவதெல்லாம் வெளியே துடைத்த பஞ்சுதான்.