மடத்து நிலமும் ஆயரின் வரும்படியும்: சில கேள்விகள், சில பதில்கள்

போன வாரம் ஸ்காட்லாந்து மடங்களைப் பற்றி எழுதும்போது, "1617-இல் கிராஸ்ரேகல் மடத்தை டன்பிளேன் ஆயர் (பிஷப்) பதவியோடு நாடாளுமன்றம் சேர்த்துவிட்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. முடிந்தவரை சொல்கிறேன்.

கே: ஐயா, அரசர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டியதுதானே? நடுவில் நாடாளுமன்றம் எதற்கு?

விஷயமே இதில்தான் இருக்கிறது. 1587-இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு 21 வயது. அந்த வருஷம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ஆயர்கள், மடங்கள் எல்லாருடைய நிலச் சொத்தும் அரச உடைமையோடு இணைக்கப்படும். அரசர் மக்களிடம் வரி கேட்காமல் சொந்த வருமானத்தில் காலம் தள்ளட்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் இப்படி இணைத்த சொத்தை அரசர் தனியாக யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. இணைத்த நாடாளுமன்றமே முடிச்சை அவிழ்த்தால்தான் கொடுத்தது செல்லும்.

முடிச்சு அடிக்கடி அவிழ்ந்தது என்பது வேறு கதை. பிரபுக்களுக்கு மடம் மடமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஜேம்ஸுக்கு ஆயர்கள் தேவைப்பட்டார்கள். திருச்சபையை அடக்கி வைக்கவும் நாடாளுமன்றத்தில் தன் பக்கம் உட்காரவும் ஆள் வேண்டுமே. கையில் காசில்லாத ஆயரை யார் மதிப்பார்கள்? 1606-இல் பெர்த் நகரில் கூடிய நாடாளுமன்றம், ஆயர்களைப் பொறுத்தவரை 1587 சட்டத்தை ரத்து செய்தது. அதே கூட்டத்தில் பல மடங்களின் நிலங்கள் பிரபுக்களுக்குப் பரம்பரைப் பட்டங்களாக உறுதியாயின. இதையும் சேர்த்துப் படித்தால்தான் பிரபுக்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது புரியும்.

அப்படித் திரும்பி வந்த ஆயர் சொத்தும் சக்கைதான். அதனால் ஏழைப் பதவிகளுக்கு ஆளில்லாத மடங்களை ஒட்டுப் போட்டார்கள். விட்ஹார்ன் காலோவே ஆயருக்கு, 1609-இல் ஃபெர்ன் ராஸ் ஆயருக்கு, அயோனா தீவுகளின் ஆயருக்கு, கிராஸ்ரேகல் டன்பிளேனுக்கு.

கே: எட்டாம் ஹென்றி மடங்களை இடித்தாரே, அது போலவா?

இல்லை. அது இங்கிலாந்து, 1536 முதல் 1540 வரை. இது வேறு நாடு, வேறு நாடாளுமன்றம், வேறு அரசர்.

கே: அப்படியென்றால் ஸ்காட்லாந்தில் துறவிகளைத் துரத்தவில்லையா?

மொத்தமாக இல்லை. 1560-இல் நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தையும் திருப்பலியையும் ஒழித்தது. மடங்களை ஒழிக்கச் சட்டம் எதுவும் போடவில்லை. இருந்த துறவிகளுக்கு ஆயுள் வரை பங்கு கிடைத்தது. பழைய பதவிக்காரர்கள் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டார்கள். மீதி ஒரு பங்கை அரசும் புதிய சபைப் போதகர்களும் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பங்கு சாத்தானுக்கு, மூன்றாவதில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் பாதிப் பாதி என்று ஜான் நாக்ஸ் நொந்துகொண்டது இதைத்தான். துறவிகள் ஒவ்வொருவராகச் செத்து முடிய, மடம் வெறும் கணக்குப் புத்தகமாக மிஞ்சியது.

கே: டன்பிளேன் ஆயருக்கு எத்தனை ஏக்கர் கிடைத்தது?

ஏக்கர் கணக்கே போடாதீர்கள். "நிலம் கொடுத்தார்" என்று எங்கே படித்தாலும் "வரும்படி கொடுத்தார்" என்று மாற்றிப் படியுங்கள். மடங்கள் தங்கள் நிலத்தை அதற்கு முன்பே 'ஃபியூ' முறையில் விட்டுவிட்டிருந்தன. முதலில் ஒரு பெரிய தொகை, அப்புறம் வருஷா வருஷம் மாறாத ஒரு தொகை. நிலம் பரம்பரையாக வாங்கியவன் கையில். ஆயர் உள்ளே வந்தபோது அவருக்குக் கிடைத்தது மேலுரிமை (பேருக்கு நிலத்தின் மேலாளர் என்ற உரிமை), அந்த மாறாத தொகை, தசமபாகத்தில் (சபைக்குப் போகும் விளைச்சலின் பத்தில் ஒரு பங்கில்) ஒரு பகுதி. உழுகிறவனுக்கும் ஆயருக்கும் நடுவில் ஓர் உள்ளூர்ப் பிரபு சட்டமாக உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தொகையும் ஸ்காட்ஸ் பவுண்டில். 1560 வாக்கில் சுமார் 5 ஸ்காட்ஸ் பவுண்டு ஒரு ஸ்டெர்லிங், அதாவது ஓர் இங்கிலாந்துப் பவுண்டு. 1603-இல் 12. விலைவாசி ஏற ஏற, தாத்தா காலத்தில் எழுதிய தொகை அப்படியே நின்றது. பவுண்டு என்று பார்த்ததும் இங்கிலாந்துப் பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் ஆயர் உங்களுக்குக் கோடீஸ்வரராகத் தெரிவார்.

கே: கிராஸ்ரேகல் மடாதிபதியை நெருப்பில் வாட்டினார்கள் என்பது கட்டுக்கதைதானே?

இதே கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், இரண்டு பேர் உங்களுக்குள் சண்டையே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கட்டுக்கதை இல்லை.

அங்கே முன்பு மடாதிபதியாக இருந்தவர் குவென்டின் கென்னடி. கேசிலிஸின் நான்காம் ஏர்ல் (பிரபுப் பட்டம்) கில்பர்ட் கென்னடிக்கு அவர் சித்தப்பா முறை. ஆக, மடம் தங்கள் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு ஏர்லுக்கு. குவென்டின் 1564-இல் இறந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் ஆலன் ஸ்டூவர்ட். துறவி இல்லை, வருமானத்துக்காகப் பதவியில் இருந்த ஆள். 1570-இல் ஏர்ல் அவரை டன்யூர் கோட்டைக்குக் கொண்டுபோய், நெருப்பின் மேல் கட்டி, எண்ணெய் தடவி வாட்டினார். மடத்து நிலத்தை எழுதித் தரும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத்தான் இத்தனையும்.

கே: மன்னிக்கணும் ஐயா, எதிரிகள் கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாம் இல்லையா?

எண்ணெய் எவ்வளவு, எத்தனை முறை என்பதில் மிகை இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டூவர்ட் அரச ஆலோசனை மன்றத்தில் புகார் கொடுத்தார். மன்றமும் ஏர்லிடம் 2,000 பவுண்டுக்குப் பிணை கேட்டது (ஸ்காட்ஸ் பவுண்டு!). நடக்காத விஷயத்துக்கு யாரும் பிணை கேட்பதில்லை.

பிணை ஸ்டூவர்ட்டின் பாதுகாப்புக்கு மட்டும் இல்லை, ஜார்ஜ் புக்கானனின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். யார் இவர்? சிறுவன் ஜேம்ஸின் வாத்தியார். அவருக்கு ஜேம்ஸின் தாய் மேரி அரசி கொடுத்த வருஷம் 500 பவுண்டு மானியம் இதே கிராஸ்ரேகலின் வருமானத்திலிருந்து வந்தது. வாத்தியாருக்குச் சோறு போட்ட மடத்தை மாணவன் வளர்ந்து ஆயருக்கு எழுதி வைத்தான். எனக்கு நெருப்பை விட இதுதான் சுவாரசியம்.

கே: அந்த 2,000 பவுண்டு இன்றைய ரூபாயில்?

மாற்ற மாட்டேன்.

கே: ஹென்றி VIII இதில் எங்கே வருகிறார்?

வரவில்லை. மேலே பாருங்கள்.

கே: பிரெஸ்பிட்டீரியன்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. ஆயர்கள் இல்லாத திருச்சபை வேண்டும் என்றவர்கள் அவர்கள். பெர்த்திலேயே எதிர்ப்பு எழுந்தது. அதில் நின்ற ஆண்ட்ரூ மெல்வில் லண்டனுக்கு அழைக்கப்பட்டு, கடைசியில் லண்டன் டவர் சிறையில் 1611 வரை அடைபட்டார்.

கே: முதலாம் சார்லஸின் வீழ்ச்சிக்கு இந்த நில விவகாரம்தான் காரணம் என்கிறார்களே?

"தான்" போடாதீர்கள். பெரிய காரணங்களில் ஒன்று. அப்பா ஜேம்ஸ் ஆளில்லாத மடமாகப் பார்த்துக் கொடுத்தார்; பிள்ளை சார்லஸ் ஆள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கை வைத்தார். ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கம் உண்டு. சிறு வயதில் பட்டமேறிய அரசர், தன் பெயரில் மற்றவர்கள் கொடுத்ததை எல்லாம் 25 வயதுக்குள் திரும்பப் பெறலாம். சார்லஸ் பட்டமேறியபோதே 24 முடிந்த ஆள். ஆனாலும் 1625 அக்டோபரில், 25 நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, 1540 முதல் கொடுத்த அத்தனையும் செல்லாது என்றார். நஷ்டஈடு தருவதாகச் சொன்னார், 1633-இல் நாடாளுமன்றமும் ஒப்பியது. ஆனால் மூன்று தலைமுறையாக அனுபவித்தவர்களுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பின்னால் வந்த கேட்டுக்கெல்லாம் அஸ்திவாரக் கல் இதுதான் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பால்ஃபர் எழுதினார்.

அதே 1633-இல் எடின்பரோவுக்குப் புதிதாக ஓர் ஆயர் பதவி உண்டாக்கி, ஹோலிரூட் மடத்து வருமானத்தையும் அதற்கு ஒதுக்கினார் சார்லஸ். முதல் ஆயர் வில்லியம் ஃபோர்ப்ஸ் சில மாதங்களில் இறந்துபோனார். 1637-இல் அந்த ஆயர் பதவிக்கான செயின்ட் கைல்ஸ் பேராலயத்தில், சார்லஸ் புகுத்திய பிரார்த்தனைப் புத்தகத்தை எதிர்த்துக் கலவரம், 1638-இல் ஆயர்களே வேண்டாம் என்று கிளாஸ்கோ சபைக் கூட்டத்தின் தீர்மானம்.

கே: ஐயா, இப்போது அந்த நிலம் யாரிடம்?

மறுபடியும் நிலம்! சரி. 1660-களில் ஆயர்கள் திரும்பி வந்தார்கள், 1689-இல் மறுபடி ஒழிந்தார்கள். அவர்களுடைய வரும்படி அரசுக்கே போனது. ஃபியூ முறை மட்டும் நம் காலம் வரை உயிரோடு இருந்தது. 2004 நவம்பர் 28 அன்றுதான் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சட்டம் அதை முடித்துவைத்தது. கிராஸ்ரேகல் கூரையில்லாமல் மேபோல் ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறது. டன்யூரும் இடிபாடுதான், கடலோரத்தில். போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.