காசிமேட்டில் மீன் ஏற்றும் பிக்கப்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மணலிலும் ஓட்டலாமா?

ஒரே வண்டியில் இரண்டும் சரிவராது. லோடுக்குப் பின்பட்டை (பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) விறைப்பாக இருக்கணும். மணலுக்கும் மேடுபள்ளத்துக்கும் அது நன்றாக வளைந்து கொடுக்கணும்.

பெரிய டயர் போட்டால் கியர் இழுவை குறையும். லோடோடு எண்ணூர் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்தால் கிளட்ச்தான் முதலில் தேயும். ஸ்பீடாமீட்டரும் குறைத்துக் காட்டும்.

பட்டை கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் பழையதே, ஆர்சியில் உள்ள எடையும் பழையதே. மீறினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. பலர் கவனிக்காதது: பின் அச்சுக்கு மேலே கம்பியோடு இருக்கும் லோடு சென்சிங் வால்வு. பின்பக்கம் உயர்ந்தே நின்றால், வண்டி காலி என்று நினைத்து அது பின்பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டை வேலை செய்தால் அந்தக் கம்பியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டை 500 கிலோமீட்டரில் மறுபடி முறுக்கணும். தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் உடையும்.

உங்களுக்கு முதல் செலவு டிரெயின் குழாய். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பட்டையிலும் பிரேக் பைப்பிலும் சொட்டாமல் சேஸிஸுக்குக் கீழே வரை இறங்கணும்.

மணல் ஆசைக்குக் காலி வண்டி, 20 பிஎஸ்ஐ காற்று போதும். தார் ரோடு ஏறுமுன் காற்றை நிரப்பிவிடுங்கள்.