லாரி ஏறிய பிறகு விலையும் ஏறுகிறதா? வீடு மாறுவோர் கேள்விகளுக்குப் பதில்

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் வீடு மாறுவோர் கூட்டம் கூடும். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்கள் மீதான புகார்களும் கூடவே வரும். இந்த முறை வந்தவற்றில் ஒன்று மிக அவசரமானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்னை மேடவாக்கத்திலிருந்து பெங்களூருக்கு வீடு மாற்ற ரூ.22,000 பேசி, ரூ.10,000 முன்பணம் கொடுத்தோம். லாரி ஓசூரில் நிற்கிறது. சாமான் கூடுதலாம், இ-வே பில் இல்லையாம், கர்நாடகத்துக்குள் போக நுழைவு வரியாம், இன்னும் ரூ.16,000 கேட்கிறார்கள். தராவிட்டால் குடோனில் இறக்கித் தினவாடகை போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். இரண்டு நாளாகக் கைக்குழந்தையோடு வெறும் தரையில் படுக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அவர்கள் சொல்லும் மூன்று காரணங்களில் இரண்டு சுத்தப் பொய். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு, தேவையே இல்லை. ஜி.எஸ்.டி. விதி 138-இன் இணைப்புப் பட்டியலிலேயே அவற்றுக்கு விலக்கு இருக்கிறது. சரக்குக்கான நுழைவு வரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே அதற்குள் கரைந்துவிட்டது, வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டன. லாரிக்கான சாலை வரி, பெர்மிட் எல்லாம் லாரிக்காரர் பாடு.

மீதமுள்ள காரணத்தில், சாமான் கூடுதல் என்பதில், மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். விலை பேசியபோது காட்டாத கட்டிலையோ பத்துப் பெட்டியையோ கடைசி நேரத்தில் ஏற்றினீர்களா? அப்படியானால் அதற்கு நியாயமான கூலி தரத்தான் வேண்டும். ஏற்றவில்லை என்றால் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். "பேசியபடி மீதி ரூ.12,000-ஐச் சாமான் இறக்கும்போது தரத் தயாராக இருக்கிறேன். உடனே கொண்டுவந்து சேர்க்கவும்" என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தனக்குச் சேர வேண்டிய வாடகை பாக்கி இருந்தால் சரக்கை நிறுத்திவைக்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. அந்த பாக்கியைத் தரத் தயார் என்று எழுத்தில் சொல்லிவிட்டீர்களானால் அந்த உரிமை நிற்காது. அதற்குப் பிறகும் பிடித்துவைத்தால் அது மிரட்டிப் பணம் பறிப்பதுதான்.

அடுத்து 112-க்கு அழைத்து, வண்டி எண்ணோடு புகார் கொடுங்கள். "இது சிவில் விவகாரம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று காவல் நிலையத்தில் சொல்லக்கூடும். பணிந்து திரும்பிவிடாதீர்கள். நம்பி ஒப்படைத்த பொருளைச் சரக்கு ஏற்றிச் செல்பவரே மோசம் செய்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316(3)-இன்படி ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதிக் கொடுங்கள். லாரி நிற்கும் இடம் வேறு எல்லை என்றாலும் புகாரை வாங்க மறுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கொடுத்தால், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் போனாலே பல லாரிகள் நகரத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தையை வைத்துக்கொண்டு இனியும் காத்திருக்க முடியாது என்றால், கொடுத்துச் சாமானை மீட்பதில் தவறே இல்லை. ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, "கட்டாயத்தின் பேரில், எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று அதே நிமிடம் செய்தி அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க இந்தச் செய்திதான் ஆதாரம்.

கேள்வி: கோவையிலிருந்து சென்னைக்கு வந்தோம். 55 அங்குல டிவியின் பேனல் உடைந்துவிட்டது, பிரிட்ஜ் கதவு நெளிந்துவிட்டது. ஆனால், இறக்கி முடித்ததுமே "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எல்.ஆர். ரசீதின் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு லாரி நிறுவனம் தரும் ரசீது) பின்பக்கம் "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதமானால் பொருளின் சொந்தக்காரரே பொறுப்பு) என்றும், வழக்கு டெல்லியில்தான் போட வேண்டும் என்றும் அச்சடித்திருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

உண்டு. ரசீதின் பின்பக்கத்தைப் பார்த்துப் பயந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அந்தப் பொடி எழுத்து அச்சடிக்கப்படுவதே அதற்காகத்தான்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்படைத்த சரக்கு சேதமானால் அது வண்டிக்காரரின் கவனக்குறைவால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று எழுதிவைத்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பதைப் பழைய சட்டத்தின் காலத்திலேயே, 2000இல், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. டெல்லி வாசகமும் உங்களைக் கட்டிப்போடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கையெழுத்து விஷயம்தான் சற்றுச் சிக்கல். அது உங்களுக்கு எதிரான ஆதாரம், மறுப்பதற்கில்லை. ஆனால், சுற்றிக் கட்டிய டிவியைப் பிரித்து மாட்டிப் பார்க்காமல் யாருக்குப் பேனல் உடைந்தது தெரியும்? அன்றைக்கோ மறுநாளோ எடுத்த படங்கள், நிறுவனத்துக்கு அனுப்பிய முதல் செய்தி, டிவி கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்து எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட் ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள். வெளி அடியால் பேனல் உடைந்தது என்று சர்வீஸ் ஆள் எழுதித் தந்தால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

இரண்டு கெடுக்களை மறக்கக் கூடாது. சாமானை புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சேதத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி (பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைந்துவிட்டது), ரசீதையும் சேர்ப்பித்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். போனில் கத்தியதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், முதல் கெடுவைத் தவறவிட்டால் இரண்டாவது இருந்தும் பயன் குறைவு. நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம்.

எவ்வளவு கிடைக்கும்? பொருளின் மதிப்பைக் கூட்டிக் காட்டிக் கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, வண்டிக்காரரின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. வாடகையின் பத்து மடங்குவரை, அதுவும் ரசீதுக்கு முந்திய படிவத்தில் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். அந்த மதிப்புக் கட்டத்தை வெறுமையாக விடுவதும், ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதுவதும் பின்னால் உங்களையே கடிக்கும். மூன்று வருட டிவிக்குப் புது டிவி விலை கேட்காதீர்கள். தேய்மானம் கழித்துக் கேட்டால் உங்கள் வார்த்தைக்கு மதிப்புக் கூடும்.

கேள்வி: சாமான் மதிப்பு ரூ.4 லட்சம் என்று போட்டு, அதில் 3 சதவீதம், ரூ.12,000 இன்சூரன்ஸ் என்று வாங்கினார்கள். கண்ணாடி அலமாரி நொறுங்கிவிட்டது. பாலிசி எங்கே என்றால் "எங்கள் பில்லே பாலிசிதான்" என்கிறார்கள்.

பில் ஒருநாளும் பாலிசி ஆகாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம் மட்டுமே பாலிசி தர முடியும். பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், எங்கிருந்து எங்கே, எவ்வளவு மதிப்புக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இல்லாமல் உங்களிடம் ரூ.12,000 வாங்கியிருந்தால் தராத சேவைக்கு வாங்கிய பணம். சேதத்துக்கான இழப்பீட்டோடு இந்தத் தொகையையும் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உண்மையிலேயே பாலிசி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்திலோ தீயிலோ சேதமானால்தான் பணம் என்ற வகையும் உண்டு, வழியில் உடைந்தாலும் கிடைக்கும் வகையும் உண்டு. லாரி புறப்படும் முன்பே பாலிசியைக் கையில் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கே போன் செய்து எண்ணைச் சரிபாருங்கள்.

கேள்வி: ஐதராபாத்திலிருந்து மதுரைக்கு பைக்கை அனுப்பினேன். வந்து சேர்ந்தபோது மீட்டரில் 300 கி.மீ.க்கு மேல் கூடியிருக்கிறது.

யாரோ ஓட்டியிருக்கிறார்கள். கொடுக்கும்போது மீட்டரைப் படம் எடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். முதல் வேலையாக, பரிவாஹன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணுக்கு அந்த நாட்களில் இ-சலான் (போக்குவரத்து அபராதச் சீட்டு) எதுவும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால், வண்டி அவர்கள் வசம் இருந்ததற்கான எல்.ஆர். ரசீதை வைத்து உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள். இனிமேல் அனுப்பும்போது பெட்ரோலை வடித்துவிட்டு அனுப்புங்கள். ரயில் பார்சலில் அப்படித்தான் கேட்பார்கள். பைக் ஒன்று மட்டும் என்றால் ரயில் பார்சலே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

கேள்வி: பீரோவின் லாக்கரில் மூன்று பவுன் சங்கிலி இருந்தது. பூட்டியபடியே லாரியில் ஏற்றினார்கள். இங்கே வந்து திறந்தால் இல்லை. அம்மா போட்டிருந்த சங்கிலி.

மனசு கனக்கிறது. ஆனாலும் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. பட்டியலில் எழுதாத நகை அந்த லாரியில் ஏறியது என்று காட்டுவதே கடினம். அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் நகையும் பணமும் பொறுப்பில் வராது என்று எழுதியிருப்பார்கள். நுகர்வோர் ஆணையத்தைவிடக் காவல் நிலையமே உங்களுக்கான இடம். தாமதிக்காமல் திருட்டுப் புகார் கொடுங்கள். நகை வாங்கிய ரசீது, அம்மா அதை அணிந்திருக்கும் படம், ஏற்றிய இறக்கிய ஆட்களின் போன் எண்கள் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு வீட்டு வாசலிலும் இருக்கும் சி.சி.டி.வி. பதிவுகள் அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிரபலமான நிறுவனம் என்று நினைத்து இணையத்தில் கிடைத்த எண்ணுக்கு ரூ.5,000 ஜிபே செய்தேன். ஆளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

1930-க்கு இப்போதே அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான எண் அது. பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, பெரிய நிறுவனம்போலக் காட்டுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். பில்லில் போடும் ஜி.எஸ்.டி. எண்ணை முதலிலேயே கேட்டு, ஜி.எஸ்.டி. தளத்தில் தட்டினால் அது யார் பெயரில், எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பணம் தனிநபர் கணக்குக்குக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: திருச்சிக்குள்ளேயே ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்குக் குட்டியானை பேசி மாறினோம். மூன்றாவது மாடி என்றதும் லோடுமேன்கள் ரூ.1,500 கூடக் கேட்டார்கள். கிரைண்டர் கல்லையும் உடைத்துவிட்டார்கள். கூலியில் பிடித்துக்கொள்ளலாமா?

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்று முன்கூட்டியே சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அவர்கள் கேட்டது நியாயம். பிரிட்ஜை முதுகில் கட்டி அறுபது படி ஏறுவது சும்மா இல்லை. கிரைண்டருக்கான பொறுப்பு உங்களிடம் விலை பேசி ஆள் அனுப்பியவருடையது, அவரிடமே கேளுங்கள். அன்றாடக் கூலியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மகன் துபாயில், நாங்கள் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். தையில் தஞ்சாவூர் வீட்டைக் காலி செய்து சென்னைக்குப் போகிறோம். ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நேரில் வந்து சாமானைப் பார்த்து விலை சொல்பவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே "எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரம்" என்று மற்றவர்களைவிடப் பாதி விலை சொல்பவர்தான் பின்னால் லாரியை நிறுத்துபவர். வருகிறவர் தன் ஆட்களையும் வண்டியையும் கொண்டு செய்கிறாரா, கமிஷனுக்கு வேறொருவரிடம் கைமாற்றிவிடுவாரா என்று கேளுங்கள். கைமாற்றினால் சேதத்துக்கு ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பப் பார்ப்பார்கள்.

சாமான்களை வரிசையாக எழுதுங்கள். எதிரில் இப்போதைய நிலையும் மதிப்பும். அதில் அவர் கையெழுத்து. வரி, டோல், மாடி, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் அடக்கமா என்பது அதே தாளில் வர வேண்டும். முன்பணம் குறைவாக, பெரும்பகுதி இறக்கிய பிறகு. ஏற்றும் நாளில் மகனை வீடியோ அழைப்பில் இருக்கச் சொல்லுங்கள்; வண்டி எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். இறக்கிய பின் கையெழுத்துக் கேட்பார்கள். "பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை, டிவி, பிரிட்ஜ் ஓட்டிப் பார்க்கவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள். அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: நான்கு நாளில் வரும் என்ற சாமான் மூன்று வாரமாகப் புனேயிலிருந்து வரவில்லை. மகளின் சான்றிதழ்கள் அதில் இருக்கின்றன, கல்லூரிச் சேர்க்கை நெருங்குகிறது.

உங்கள் சாமான் பார்ட் லோடாகப் போயிருக்கும். இன்னும் நாலு பேர் சரக்கு சேரும்வரை ஏதோ ஒரு குடோனில் காத்திருக்கும். எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு, நாள் குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுங்கள்; 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் இன்றே பதியுங்கள். தாமதமும் சேவைக் குறைபாடுதான், இழப்பீடு கேட்கலாம். ஆனால், சேர்க்கைக்கு அது உதவாது. மகளின் மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குப் போய் நிலைமையைச் சொல்லி, அசலைத் தர அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். புனே குடோன் எது என்று தெரிந்துவிட்டால், அங்கே இருக்கும் நண்பர் எவரையாவது அனுப்பி அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த அங்கீகாரக் கடிதமும் எல்.ஆர். நகலும் அவர் கையில் இருக்கட்டும்.